கௌபாய் படம் சுவருக்கு: எடுப்பதிலிருந்து மாட்டுவது வரை

வீட்டுச் சுவருக்கென்று கௌபாய் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் கேமராவுக்கு முன்னால் கையில் எடுக்க வேண்டியது அளவு நாடா. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அமெரிக்காவின் மொன்டானாவுக்கோ வயோமிங்குக்கோ போய்ப் படங்களாக எடுத்துத் தள்ளிவிட்டு, கைபேசியில் பளிச்சென்று தெரிவதைப் பொறுக்கி, அதைப் பெரிதாக அச்சிடுகிறார்கள். கைபேசியில் ஒரு படத்துக்குக் கிடைப்பது இரண்டு நொடிப் பார்வை. சுவரில் மாட்டினால் ஒரு குடும்பம் அதே படத்தைப் பத்து வருடம் பார்க்கும். முதல் நொடியில் கத்துகிற படம் மூன்றாவது மாதத்தில் சலித்துவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 84 அங்குல சோஃபாவுக்கு மேலே மாட்டும் படம் சோஃபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை இருந்தால் பொருந்தும். அதாவது 56 முதல் 63 அங்குலம். 60 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பரந்த புல்வெளியில் தனியாகப் போகும் குதிரைக்காரர் படத்தின் அகலத்தில் 5 சதவீதம் என்றால், சுவரில் 3 அங்குலம் இருப்பார். சோஃபாவுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தொப்பியின் வளைவு வரை தெரியும். அதே ஆள் கைபேசியில் 3 மில்லிமீட்டர் சொச்சம்தான், வெறும் புள்ளி. கைபேசியில் பார்த்து அந்தப் படத்தை அழித்திருப்பீர்கள். சுவருக்கு மிகப் பொருத்தமான படம் அதுவாகவே இருந்திருக்கும்.

எனவே கிளம்பும் முன்பே மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: சுவரின் அகலம், பார்ப்பவர் உட்காரும் தூரம், அந்த அறைக்குள் எந்தப் பக்கமிருந்து நுழைகிறார்கள் என்பது. மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஓடும் குதிரையின் முகம் அறையின் உள்பக்கம் பார்க்க வேண்டும். வாசலைப் பார்த்து ஓடினால் படம் அறையை விட்டு வெளியேறுவதுபோல் உறுத்தும். இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று இரு திசையிலும் எடுத்து வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வராது. பிறகு கணினியில் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மாட்டின் சூட்டுக்குறி இடம் வலமாக மாறும், குதிரையில் இடப்பக்கம் ஏறும் வழக்கம் வலப்பக்கமாகும், சேணத்தில் கயிறு தொங்கும் பக்கம் மாறும். பண்ணை தெரிந்தவர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

எங்கே, எப்போது

மாட்டுப் பண்ணையின் வருடம் வேலையால் பிரிந்திருக்கிறது, படமும் அதைத்தான் பின்தொடர வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கன்று ஈனும் காலம். ஏப்ரல் முதல் ஜூன் வரை கன்றுகளுக்குச் சூடு போடுவார்கள். ஜூனில் மந்தை மலை மேய்ச்சலுக்கு ஏறும். செப்டம்பர், அக்டோபரில் திரட்டிக் கீழே கொண்டுவருவார்கள். அக்டோபர், நவம்பரில் கன்றுகளைப் பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். குளிர்காலம் முழுக்க வைக்கோல் போடும் வேலை. மொன்டானா, வயோமிங் பக்கம் சில பண்ணைகளில் இன்றும் கனத்த வண்டிக்குதிரைகள் பூட்டிய சறுக்குவண்டியில்தான் வைக்கோல் போகிறது.

சுவருக்கு ஏற்ற மாதங்கள் என்றால் இலையுதிர் காலத் திரட்டலும் குளிர்காலமும். இலையுதிர் காலத்தில் சூரியன் தாழ்ந்து வருகிறது, புல் வெளிறிய வைக்கோல் நிறத்தில் நிற்கிறது, மண் காய்ந்து தூசி எழுகிறது. அந்த மணல், பழுப்பு, சாம்பல் நிறங்கள் எந்த அறையின் மரச்சாமானோடும் ஒத்துப்போகும். பச்சைப் பசேலென்ற ஜூன் மாதப் புல் நேரில் அழகு. சுவரில் அந்தப் பச்சை அறையின் மற்ற நிறங்களை அடக்கிவிடும். சூடு போடும் நாள்தான் வேலை செறிந்த நாள். ஆனால் புகையும் ரத்தமும் கலந்த அந்தக் காட்சியைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே யாரும் விரும்புவதில்லை. அன்றைக்குச் சுவருக்கான படங்கள் நெருப்பிலிருந்து சற்றுத் தள்ளியே கிடைக்கும்: வேலியோரம் வரிசையாகக் காத்திருக்கும் குதிரைகள், கயிற்றைச் சுருட்டும் கைகள், தலைக்கு மேல் சுழலும் கயிற்றுச் சுருக்கு.

டெக்சாஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கைப்பழக்கத்துக்கு ஒரு நல்ல இடம் உண்டு. ஃபோர்ட் வொர்த் நகரின் பழைய மாட்டுச்சந்தைப் பகுதியான ஸ்டாக்யார்ட்ஸில் நீள்கொம்பு மாடுகளைத் தினமும் காலை 11.30, மாலை 4 மணிக்குத் தெருவில் ஓட்டிச் செல்கிறார்கள். குளிர்கால மாலை 4 மணி வெளிச்சம் நன்றாக இருக்கும். குதிரையின் நடையைக் கண்ணால் படிக்கவும் ஷட்டர் வேகத்தைச் சரிபார்க்கவும் போங்கள். சுவருக்கான படம் அங்கே கிடைப்பது அரிது. பின்னணியில் கடைப்பலகையும் கூட்டமும் வந்துகொண்டே இருக்கும். அதே ஊரில் உள்ள ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்மித்தின் தொகுப்பு இருக்கிறது. 1905 வாக்கில் தொடங்கி டெக்சாஸ் பண்ணைகளில் தானும் வேலை செய்துகொண்டே படம் எடுத்தவர் அவர். ஆட்களை எவ்வளவு சிறியதாக வைத்து வானத்துக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்று பாருங்கள். அளவைப் பற்றிய பாடம் அங்கேயே முடிந்துவிடும். அந்தத் தொகுப்பில் கறுப்பினக் கௌபாய்களும் இருக்கிறார்கள். பழைய மந்தைப் பாதைகளில் மாடோட்டியவர்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணிக்கிறார்கள். கயிற்றுவேலையும் சேணமும் மெக்சிகோ மாடோட்டிகளான வாக்கேரோக்களிடமிருந்து வந்தவை. மூன்று நான்கு படங்களை ஒரு தொகுதியாக மாட்டுகிறவர் ஒரே மாதிரி முகத்தைத் தேடிக்கொண்டிருந்தால் தொகுதி பொய்யாகிவிடும்.

பல விருந்தினர் பண்ணைகள் படக்காரர்களுக்கென்றே பனியில் குதிரைகளை ஓட விடுகின்றன. பணம் கட்டினால் இடம் கிடைக்கும். பத்துப் பேர் ஒரே இடத்தில் நின்று எடுப்பதால் எல்லாரிடமும் ஒரே படம்தான் இருக்கும். அங்கே போனால் ஓட்டம் முடிந்த பிறகு எடுங்கள்: ஆவி பறக்கும் முதுகுகள், சேணம் கழற்றும் நேரம், பனியில் திரும்பிப் போகும் தடம்.

பண்ணையில் நடந்துகொள்வது

வாயிற்கதவு எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள்: திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. எத்தனை மாடு, எத்தனை ஏக்கர் என்று கேட்காதீர்கள். ஒருவரிடம் வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமமாக அதை எடுத்துக்கொள்வார்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். ஃபிளாஷ் கூடாது, குடை கூடாது, காற்றில் படபடக்கும் மழைக்கோட்டும் கூடாது. கேமராப் பையின் வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தத்துக்கே இளங்குதிரை துள்ளும். பையை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மந்தையின் போக்கை அறிந்திருப்பது உங்கள் உயிருக்கும் படத்துக்கும் அவசியம். ஒவ்வொரு மாட்டையும் சுற்றி ஒரு எல்லை உண்டு. அதற்குள் நீங்கள் நுழைந்தால் மாடு விலகும். தோள்பட்டைக்குப் பின்னால் நின்றால் முன்னே போகும், முன்னால் நின்றால் திரும்பும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த டெம்பிள் கிராண்டினின் ஆய்வுகளால் இன்று மாட்டுப் பண்ணைகளில் பரவலாக அறியப்பட்ட விதி இது. படக்காரர் செய்யும் மிகப் பெரிய தவறு, நேர்முகப் படத்துக்கு ஆசைப்பட்டு மந்தையின் முன்னால் போய் நிற்பது. முன்னணி மாடு நின்றுவிடும், பின்னால் வருபவை முட்டிச் சிதறும், திரும்பச் சேர்க்கக் குதிரைக்காரர்களுக்கு நெடுநேரமாகும். மறுபடி யாரும் உங்களை அழைக்க மாட்டார்கள். பாதையிலிருந்து 50 முதல் 100 மீட்டர் பக்கவாட்டில், வேலியையோ பிக்கப் வண்டியையோ ஒட்டி, அசையாமல் நில்லுங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் நிற்கக் கூடாது. சேணக் கொம்பிலிருந்து (சேணத்தின் முன்பக்கம் துருத்தி நிற்கும் பிடி) கன்றுக்கு இழுபட்டு விறைத்திருக்கும் கயிற்றைத் தாண்டவோ அதன் உள்வளைவில் நிற்கவோ கூடாது. குதிரைக்கு நேர் பின்னால் போகாதீர்கள். அந்த இடம் அதன் கண்ணுக்குத் தெரியாது.

ட்ரோன் வேண்டும் என்றால் முதல் நாளே கேளுங்கள். குதிரைக்காரர் மேலே இருக்கும்போது இரைச்சலோடு தாழப் பறக்கும் ட்ரோன் ஆளைக் கீழே தள்ளும். அச்சை விற்பதற்காகப் பறக்கவிட்டால் அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏயின் பகுதி 107 சான்றிதழும் வேண்டும்.

ஒப்புதல் படிவங்களை வேலை தொடங்கும் முன் காலையிலேயே வாங்கிவிடுங்கள். ஆட்களுக்கு ஒன்று, பண்ணைக்கு ஒன்று. பண்ணைப் படிவத்தில் சூட்டுக்குறியைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அது மாநில அரசிடம் பதிவான உடைமைச் சின்னம்; மொன்டானாவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை மறுபதிவு செய்ய வேண்டியது. பெரிய அச்சில் அது தெளிவாகத் தெரியும்.

உடையும் கருவியும் கலந்துவிடக் கூடாது

பணியாளர்களை அவர்கள் போட்டிருக்கும் உடையிலேயே எடுங்கள். மாடல்களை வைத்துப் படம் எடுப்பவர்கள் வாடகைக்கு வாங்கிய பொருட்களை ஒன்றாகப் போட்டுக் கெடுப்பது இங்கேதான். நெவாடா, தென்கிழக்கு ஓரிகன் பக்கத்துக் கௌபாய்களான பக்கரூக்கள் 60 அடி வரை நீளமான கயிறு வைத்திருப்பார்கள். கன்றைப் பிடித்ததும் சேணக் கொம்பில் சுற்றி, தேவைப்பட்டால் நழுவ விடுவார்கள். அகலத் தட்டை விளிம்புத் தொப்பியும் கழுத்தில் பெரிய பட்டுத் துணியும் அவர்கள் அடையாளம். டெக்சாஸ்காரர்களின் கயிறு ஏறத்தாழ அதில் பாதிதான், பல பேர் அதைக் கொம்பில் இறுகக் கட்டியே வைத்திருப்பார்கள். தொப்பியிலும் முறை உண்டு: கோடையில் வைக்கோல், குளிரில் ஃபெல்ட். பனியில் வைக்கோல் தொப்பி போட்ட ஆளைப் படம் பிடித்து டெக்சாஸ் வீட்டில் மாட்டினால் வருகிற ஒவ்வொரு விருந்தாளியும் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

சிவப்புச் சட்டை, பாய்ச்சல், நெருப்புச் சிவப்பு அந்தி: இந்தக் கலவை 1950களில் தொடங்கிய மார்ல்பரோ சிகரெட் விளம்பரங்கள் உலகெங்கும் பதித்த பிம்பம். அமெரிக்கக் கலைஞர் ரிச்சர்ட் பிரின்ஸ் அந்த விளம்பரங்களையே மறுபடம் எடுத்துக் கலையாக்கினார். அதில் ஒன்று 2005இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்தப் பிம்பத்தோடு போட்டி போடுவதைவிட அது காட்டாமல் விட்டதை எடுப்பதே சுவருக்கு நல்லது. வேலைக்கு நடுவே வரும் அமைதி, தேய்ந்த தோல், காத்திருப்பு, தூரம்.

கேமராவில் என்ன வைப்பது

இரண்டு கேமரா உடல்கள் கொண்டுபோங்கள், ஒன்றில் 24–70 மிமீ, இன்னொன்றில் 70–200 மிமீ. தொழுவத்தில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் தூசி படியும். அந்தப் புள்ளிகள் சிறிய அச்சில் மறைந்துவிடும், 60 அங்குல வெற்று வானத்தில் ஒவ்வொன்றும் தெரியும். ஒரே உடல்தான் இருக்கிறது என்றால் 70–200ஐ மாட்டிக்கொண்டு அன்று முழுக்க அதோடு இருங்கள். குதிரைக்கு மிக அருகில் அகல லென்ஸ் வைத்தால் தலை பூதாகாரமாகவும் கால்கள் குச்சியாகவும் வரும். முழு உருவத்துக்கு 85 மிமீக்குக் குறையாதீர்கள். கேமரா குதிரையின் மார்பு உயரத்தில் இருக்கட்டும். நின்ற உயரத்திலிருந்து சாய்த்து எடுத்தால் குதிரை குட்டையாகிவிடும்.

ஷட்டர் வேகம்: நடைக்கு நொடியில் 250இல் ஒரு பங்கு, துள்ளுநடைக்கு 800இல் ஒரு பங்கு, பாய்ச்சலுக்கு 1600இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் வேகம். அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6 முதல் 8 வரை. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) தானியங்கியில் விட்டு 6400இல் வரம்பு கட்டுங்கள். பெரிய அச்சில் மணல் மணலாகத் தெரிவதைக்கூடக் கண் பொறுத்துக்கொள்ளும், குதிரையின் கண் கலங்கியிருந்தால் பொறுக்காது.

பாய்ச்சலில் எந்தக் கணம்? 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் எடுத்த தொடர்படங்கள், குதிரையின் நான்கு காலும் தரையில் படாத கணம் அவை வயிற்றுக்கடியில் ஒடுங்கியிருக்கும்போதுதான் என்று காட்டின. ஆனால் நிழலுருவில் அந்தக் கணம் முடிச்சுபோல் குழம்பித் தெரியும். முன்கால் நீண்டு தரையைத் தேடும் கணமே சுவரில் நிற்கும். ஒரு பாய்ச்சல் அடி அரை நொடிக்குள் முடிந்துவிடுவதால், நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் அடிக்கு நான்கைந்து படங்கள்தான் விழும். ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும் என்று நம்பாமல் தொடர்ந்து எடுங்கள். காது முன்னால் விறைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். காதைப் பின்னால் மடித்த குதிரை எரிச்சலில் இருப்பதுபோல் தெரியும், படம் முழுக்க அந்த எரிச்சல் பரவும்.

தூசிதான் இந்த வகைப் படத்தின் உயிர், அதில் தவறுவோரே அதிகம். சூரியன் அடிவானத்துக்குச் சற்று மேலே, மந்தைக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், தூசிக்குப் பின்னணியாக நிழலில் இருக்கும் மலையோ மரவரிசையோ வேண்டும். இருண்ட பின்னணியில் தூசி பொன்னாக ஒளிரும். வெளிறிய வானத்துக்கு எதிரே அதே தூசி சாம்பல் மூட்டமாகிப் படத்தை மங்கடிக்கும். வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒன்றேகால் ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள், இல்லையென்றால் ஒளிர்ந்த தூசி வெள்ளைக் காகிதமாக எரிந்துவிடும். எரிந்த இடத்தை எந்த அச்சகமும் மீட்டுத் தராது. ஆட்டோஃபோகஸ் தூசியிலேயே தடுமாறும். ஒற்றைப் புள்ளியை முன்னணிக் குதிரையின் தலையில் வைத்து, பின்பக்கப் பொத்தானால் பூட்டிக்கொள்ளுங்கள். லென்ஸ் முகத்தில் நேர்வெயில் படாதபடி தொப்பியால் நிழல் கொடுங்கள்.

தொப்பி நிழல் அடுத்த தொல்லை. நடுப்பகலில் விளிம்புக்குக் கீழே முகம் கறுத்துவிடும், ஃபிளாஷும் பயன்படுத்த முடியாது. சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் வெயில் விளிம்புக்கு அடியில் புகும். அதன் பிறகு வெளிறிய காய்ந்த மண்மேல் அவர் நிற்கும் நேரத்துக்காகக் காத்திருங்கள்; மண்ணே வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும். இரண்டும் இல்லையென்றால் முகத்தை விட்டுவிட்டுக் கையை எடுங்கள். பெரிய அச்சில் நேருக்கு நேர் முறைக்கும் முகம் வீட்டாருக்கு நாள்பட நிம்மதி தராது. பக்கவாட்டு முகம், முதுகு, கடிவாள வாரைப் பிடித்த கை ஆகியவை உடன்வாழத் தோதானவை.

சுழலும் சுருக்கை எடுப்பவர்கள் அதன் தளத்துக்கு நேர் பக்கவாட்டில் நின்றால் அது ஒரு கோடாகத்தான் விழும். கயிறு வீசுபவருக்கு முன்பக்கம் சுமார் 45 டிகிரியில், தாழ்ந்து நில்லுங்கள். சுருக்கு நீள்வட்டமாக விரியும், வானத்துக்கு எதிரே தெளிவாகவும் தெரியும். நொடியில் 1000இல் ஒரு பங்கு அதை உறையவைக்கும். அசைவு மங்கல் வேண்டுமென்றால் 60இல் ஒரு பங்கு.

குதிரையோடு கேமராவைச் சேர்த்துத் திருப்பி எடுக்கும் முறை சுவருக்கு அருமையாக அமையும், ஏனென்றால் பின்னணி முழுக்க நிறக்கோடுகளாகக் கரைந்து ஓவியம்போல் ஆகிவிடும். குதிரை உங்களுக்கு இணையாக, 20 மீட்டர் தள்ளி ஓட வேண்டும். நொடியில் 30இல் ஒரு பங்கில் தொடங்குங்கள். தலை மட்டும் ஓரளவு கூர்மையாக இருந்தால் போதும். ஐம்பது எடுத்தால் ஒன்று தேறும், அதுவே நல்ல விகிதம்.

அகலச் சுவருக்கான நீள்படத்தைப் பல படங்களை ஒட்டித் தயாரிப்பார்கள். கேமராவைச் செங்குத்தாக வைத்து ஐந்து படம், ஒவ்வொன்றும் அடுத்ததோடு மூன்றில் ஒரு பங்கு மேற்கவிய எடுங்கள். நகரும் மந்தை இரண்டு படங்களின் இணைப்பில் விழுந்தால் தலை இல்லாத மாடும் ஐந்து கால் குதிரையும் வரும். மந்தை முழுக்க ஒரே படத்துக்குள் அடங்கும் நேரத்தில் அந்தப் படத்தை முதலில் எடுத்துவிட்டு, இருபுறமும் வெற்று நிலத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பனியில் வெளிச்ச அளவை ஒன்று முதல் ஒன்றேமுக்கால் ஸ்டாப் வரை கூட்டுங்கள், இல்லையென்றால் பனி அழுக்குச் சாம்பலாகும். உதிரி பேட்டரிகள் உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும். வெளியிலிருந்து சூடான அறைக்குள் வரும் முன் கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் மூடுங்கள். ஈரம் பையின் வெளியே படியும், லென்ஸுக்குள் புகாது.

கணினியில்

ரா கோப்பை (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு) 16 பிட்டில் திருத்துங்கள். 8 பிட்டில் இழுத்தால் தூசியும் அந்தி வானமும் படிப்படியாக வரி கட்டிக்கொள்ளும், பெரிய அச்சில் அது அசிங்கமாகத் தெரியும். முழு அளவில் பெரிதாக்கி, வானத்தை மூலை மூலையாகத் தேடிப் புள்ளிகளை அகற்றுங்கள்.

பழைய காலத் தோற்றத்துக்காகச் செபியா என்னும் பழுப்பு நிற வடிகட்டி போடுவதை விட்டுவிடுங்கள். நினைவுப்பொருள் கடை வாசனை அடிக்கும். கறுப்பு வெள்ளையாக மாற்றி, நிழல் பகுதியில் மட்டும் மிக லேசான வெதுப்பு நிறம் சேர்த்தால் தோலும் மரமும் உள்ள அறைக்குப் பொருந்தும். நீலத்தைக் குறைத்தால் வானம் இருளும். எல்லை மீறினால் தொப்பியைச் சுற்றி வெள்ளை விளிம்பு எழும். அந்த விளிம்பு தெரிந்தாலே படம் கெட்டது. முகச் சுருக்கங்களைக் கூர்மையாக்கும் கருவியை ஏற்றாதீர்கள், வெயிலில் உழைத்த முகத்துக்கு அது தேவையே இல்லை.

திரையின் ஒளியைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வையுங்கள். பளபளவென்று எரியும் திரையில் திருத்திய படம் அச்சில் ஒரு ஸ்டாப் வரை இருண்டு வரும். கறுப்புக் குதிரை வெறும் ஓட்டையாகிவிடும். அச்சகத்தின் ஐசிசி கோப்பை (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று காட்டும் கோப்பு) வாங்கி அச்சு முன்னோட்டம் பாருங்கள். பிறகு முழுப் படத்துக்குப் பணம் கட்டும் முன், முகம், குதிரையின் நிழல்பக்கம், வானம் இம்மூன்றிலிருந்தும் இறுதி அளவிலேயே சிறு துண்டுகளை வெட்டி ஒரு 8×10 தாளில் சோதனை அச்சு எடுங்கள். படம் மாட்டப் போகும் அறையின் விளக்கொளியில் வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

அச்சு, தாள், சட்டம்

அங்குலத்துக்கு 300 பிக்சல் கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு. சுவருக்கு 150 போதும். 45 மெகாபிக்சல் கேமராவின் 8256×5504 கோப்பு 150இல் 55×36 அங்குலம் தரும். 24 மெகாபிக்சலின் 6000×4000 கோப்பு 40×26 தரும். இரண்டு மடங்கு வரை மென்பொருளால் பெருக்கலாம். புல்லும் மண்ணும் அதைத் தாங்கும். முறுக்கிய கயிறும் பிடரி மயிரும்தான் பிளாஸ்டிக்போல் வழுக்கும். அந்த இரண்டு இடங்களைப் பார்த்து முடிவெடுங்கள்.

தூசி, மூடுபனி, பனிப்படங்களுக்கு மங்கிய பரப்புள்ள பருத்தித் தாள் பொருத்தம்; ஹானெமியூலே ஃபோட்டோ ராக் 308 போன்றது. ஆழ்ந்த கறுப்பு வேண்டும் நிழலுருப் படங்களுக்கு பரைட்டா என்னும் வெண்தாதுப் பூச்சுத் தாள். வெண்மைக்காக ஒளிரூட்டி வேதிப்பொருள் சேர்த்த தாள்கள் வருடங்கள் போகப் போக மஞ்சளாகும். அது இல்லாத அல்லது மிகக் குறைந்த தாள் என்று கேட்டு வாங்குங்கள். கேன்வாஸ் என்றால் ஒன்றரை அங்குலக் கட்டையைச் சுற்றி மடிக்கப் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் கூடுதல் படம் வேண்டும். குதிரையின் வால் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது சட்டத்தின் பக்கவாட்டில் போய்விடும். எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுவது இதற்காகவும்தான். எரியும் கணப்புக்கு மேலே மாட்ட விரும்புவோர் பருத்தித் தாளை மறந்துவிட்டு அலுமினியத் தகட்டு அச்சுக்குப் போங்கள். வெப்பமும் கரியும் தாளைத் தின்றுவிடும்.

பழைய தொழுவப் பலகையில் செய்த சட்டம் இந்தப் படங்களுக்கு மிகவும் விரும்பப்படுகிறது. பலகையிலிருந்து கசியும் அமிலம் தாளின் ஓரத்தைப் பழுப்பாக்கும். சட்டத்தின் உள்தடத்தில் அலுமினியத் தடுப்பு நாடா ஒட்டச் சொல்லுங்கள், அமிலமில்லாத மவுண்ட் அட்டை போடச் சொல்லுங்கள், கண்ணாடி அச்சைத் தொடாமல் இடைவெளி இருக்கட்டும். படத்தை ஒட்டுநாடாவால் ஒட்டக் கூடாது. ஜப்பானியத் தாளும் மாவுப்பசையும் கொண்டு மேல் ஓரத்தில் மட்டும் தொங்கவிடுவதே முறை.

எடையையும் கணக்கிடுங்கள். 60×40 அங்குலத்துக்கு 3 மிமீ கண்ணாடி மட்டுமே சுமார் பதினொன்றரை கிலோ, அதே அளவு அக்ரிலிக் ஐந்தரை கிலோ. இந்த அளவில் அக்ரிலிக்தான் சரி, புற ஊதாவைத் தடுக்கும், எதிரொளி குறைந்த வகை. ஜன்னலுக்கு எதிரே மாட்டிய சாதாரணக் கண்ணாடியில் குதிரைக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும்.

மாட்டும்போது படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 57 அங்குலம். சோஃபாவுக்கு மேலே என்றால் அந்தக் கணக்கைவிட, சோஃபா முதுகுக்கும் சட்டத்துக்கும் 6 முதல் 8 அங்குல இடைவெளி என்பதைப் பின்பற்றுங்கள். பெரிய சட்டத்துக்கு இரண்டு கொக்கிகள், இல்லையென்றால் சாய்ந்துகொண்டே இருக்கும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று ஊர்களில் சட்டத்தின் பின்மூலைகளில் 5 மிமீ ரப்பர் பொட்டுகள் ஒட்டிக் காற்றோட்டம் விடுங்கள். வெளிச்சுவரில் ஒட்டினாற்போல் மாட்டிய படத்தில் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடிக்கும். விளக்கு 2700 முதல் 3000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன்) 90க்கு மேல், மேலிருந்து 30 டிகிரி சாய்வில்.

விற்பதாக இருந்தால் பதிப்பு எண்ணிக்கையை, அதாவது ஒரு படத்துக்கு மொத்தம் எத்தனை அச்சு என்பதை, முதல் அச்சு போகும் முன்பே தீர்மானித்து எழுதிவையுங்கள். எல்லா அளவுகளும் சேர்த்து 25 என்றால் 25தான்; அளவை மாற்றிப் புதுப் பதிப்பு தொடங்கினால் முதலில் வாங்கியவரை ஏமாற்றியதாகும். எண்ணும் கையெழுத்தும் படத்துக்கு வெளியே, கீழ் ஓரத்து வெள்ளைப் பகுதியில் பென்சிலில். பண்ணைக்கும் படத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் மவுண்ட் போட்ட ஓர் அச்சை எண்ணில்லாப் பிரதியாக அனுப்புங்கள். அடுத்த சூடு போடும் காலத்துக்கு முன்பே, மார்ச்சுக்குள், அவர்கள் கையில் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.